பழைய கீபோட் எல்லாம் சின்தசைசர் அல்ல

போன மாதம் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து பழைய கீபோட் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அண்ணை பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். ரொறன்ரோவில் இருக்கும் மருமகன் அவருக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: பழைய சின்தசைசர்கள் வெளிநாட்டில் கார் விலைக்குப் போகின்றனவாம், மாமா வீட்டு அலுமாரிக்கு மேலே கிடக்கும் ஓர்கனைத் தயவுசெய்து எறிந்துவிட வேண்டாமாம். "தம்பி, உது எத்தினை லட்சம் போகும்?" என்று முதல் திருகாணி கழலும் முன்பே அண்ணை கேட்டுவிட்டார்.

உள்ளே இரண்டு பல்லி முட்டைக் கோது. பற்றரி ஒழுகிப் பச்சை பிடித்த கம்பிகள். நடுவே கறுப்பாக, வாழைச்சீப்புப் போல இரு பக்கமும் கால்களோடு ஒரே ஒரு பெரிய சிப். அதைக் கண்டதும் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அண்ணைக்கு அதை விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலமும் இரண்டு தேத்தண்ணியும் பிடித்தன. அன்று சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்காக இங்கே எழுதுகிறேன்.

கட்டைகளைப் பார்த்து ஏமாற வேண்டாம்

நம் ஊரில் எல்லாம் ஓர்கன்தான். திருவிழா மேடையில் கோஷ்டிக்காரர் வாசிப்பது ஓர்கன், தேவாலயத்தில் வாசிப்பது ஓர்கன், பிள்ளைக்குப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுப்பதும் ஓர்கன். வெள்ளைக் கட்டையும் கறுப்புக் கட்டையும் வரிசையாக இருப்பதால் வந்த குழப்பம் இது. கட்டை வெறும் சுவிட்ச். அதை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் ஒரு துளை திறந்து, காற்றுப் போய்ப் பித்தளை நாக்கு அதிர்கிறது. பியானோவில் சிறு சுத்தியல் கம்பியில் அடிக்கிறது. சாதாரண வீட்டுக் கீபோட்டில், ஆலையிலேயே தீர்மானித்து வைத்த ஒலி ஒன்று திரும்ப வருகிறது. பியானோ என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் பியானோ மாதிரி, வயலின் என்றால் வயலின் மாதிரி. அந்த வயலின் எனக்குப் பிடிக்கவில்லை, கொஞ்சம் கரகரப்பாக வேண்டும் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. கடையில் பொதி கட்டி விற்கும் இடியப்பம் மாதிரி, வாங்கியதைச் சாப்பிட வேண்டியதுதான்.

சின்தசைசர் என்றால் மாவும் உரலும் தட்டும் உங்கள் கையில். மின்சாரத்திலிருந்து ஒலியை அந்த நேரத்திலேயே உண்டாக்கி, அதன் ஒவ்வொரு குணத்தையும் வாசிப்பவரே மாற்ற விடும் கருவிதான் சின்தசைசர். முன்பக்கத்தில் அத்தனை குமிழ்கள் இருப்பது அழகுக்கு அல்ல. சிலவற்றில் கட்டையே கிடையாது, அப்போதும் அது சின்தசைசர்தான்.

ஆகவே பழைய கீபோட் ஒன்று கையில் வந்தால் வயதைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது இதுதான்: ஒலியின் குணத்தை நான் மாற்றலாமா, அல்லது வைத்திருப்பதில் ஒன்றைத் தெரிவு மட்டும் செய்யலாமா?

டைனமோ சொல்லித் தந்தது

இதற்கு நம் ஆட்களிடம் நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. 90களில், யுத்தகாலத்தில், குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரி வாங்கவும் வழியில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். ஆசை விடாமல் கசற்றும் போட்டோம். சுற்றுகிறவனுக்குக் கை சோர்ந்தால் பாடகரின் குரல் இழுபட்டுக் கிணற்றுக்குள் இறங்கும். "டேய், சுத்தடா!" என்று யாராவது கத்தினால் குரல் திரும்ப ஏறி வரும். வோல்ட் குறைந்தது, மோட்டார் தளர்ந்தது, சுருதி இறங்கியது. எங்களுக்கு அது கரைச்சல்.

இதே விஷயத்தை வேண்டுமென்றே செய்தால் அது ஒரு வாத்தியம். மின்சாரத்தை ஒரே சீராக முன்னும் பின்னும் ஆட்டி ஒலி அலையாக்கும் சிறு சுற்றுக்கு ஒசிலேற்றர் என்று பெயர். அதற்குக் கொடுக்கும் வோல்ட் கூடினால் அது வேகமாக ஆடும், சுருதி ஏறும். குறைந்தால் இறங்கும். 1964ல் அமெரிக்காவில் ரொபேட் மூக் கட்டிய கருவி இந்த அடிப்படையில்தான் வேலை செய்தது. ஒரு வோல்ட் கூட்டினால் சரியாக ஒரு ஸ்தாயி ஏற வேண்டும், அதாவது கீழ் ச விலிருந்து மேல் ச வுக்கு. ஒரு ஸ்தாயிக்குள் பன்னிரண்டு கட்டைகள். அப்படியென்றால் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே ஒரு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வித்தியாசம்.

வோல்ட் எங்கிருந்து வருகிறது என்று ஒசிலேற்றர் கேட்பதில்லை. கட்டையிலிருந்து வரலாம், ஒரு குமிழிலிருந்து வரலாம், இன்னொரு ஒசிலேற்றரிலிருந்தே வரலாம். இரண்டாவதை மெதுவாக ஆட விட்டு முதலாவதோடு இணைத்தால் சுருதி தானாகவே மேலும் கீழும் அசையும், பாடகர் குரலை அசைப்பது போல. ஒன்றின் கட்டளையை மற்றொன்றுக்குக் கொடுக்கும் இந்த வித்தையால்தான் ஆரம்பகாலக் கருவிகளின் முகம் முழுக்கக் கம்பி தொங்கியது. பழைய தொலைபேசி நிலையம் போலத் தெரிகிறதே என்று படத்தைப் பார்த்து அண்ணை சிரித்தார். சரியான ஒப்புமைதான். யாரை யாரோடு இணைப்பது என்பதுதான் இரண்டு இடத்திலும் வேலை.

"ஓம்" என்று சொல்லிப் பாருங்கள்

சுருதி வந்துவிட்டது. ஒலியின் நிறம் எப்படி வருகிறது? ஒரே சுருதியில் நாதஸ்வரமும் புல்லாங்குழலும் ஊதினால் கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லிவிடுவோம். ஒவ்வொரு ஒலியிலும் அடிப்படைச் சுருதியோடு, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மெல்லிய துணைச் சுருதிகள் சேர்ந்தே ஒலிக்கின்றன. நாதஸ்வரத்தில் அவை ஏராளம், புல்லாங்குழலில் கொஞ்சம். நிறம் என்பது அந்தக் கலவைதான்.

இப்போது "ஓ" என்று இழுத்து, தொண்டையை மாற்றாமல் உதட்டை மெதுவாக மூடி "ம்" இல் முடியுங்கள். தொண்டையிலிருந்து வந்தது ஒரே ஒலி. உதடு மூட மூடக் கூர்மையான மேல்சுருதிகள் தடைபட்டு, இருண்ட முனகல் மட்டும் மிஞ்சியது. தேவையில்லாத சுருதிகளைத் தடுத்து மிச்சத்தை விடும் இந்த உறுப்புக்கு வடிகட்டி என்று பெயர். சின்தசைசரிலும் இதே முறைதான். ஒசிலேற்றர் தொண்டை, வடிகட்டி வாய். துணைச் சுருதிகள் நிறைந்த, காதைக் கிழிக்கும் ஒலி ஒன்றை முதலில் உண்டாக்கி, பிறகு வேண்டாததை வெட்டி எறிகிறார்கள். 80களின் படப் பாடல்களில் "வ்வ்வா" என்று வாய் திறப்பது போல ஒரு ஒலி வருமே, அது வடிகட்டி திறக்கும் சத்தம். வாசிப்பவர் ஒரு குமிழைத் திருப்பியிருப்பார், அவ்வளவுதான்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கோயில் மணி அடித்தவுடன் முழுச் சத்தத்தோடு எழும்பி, மெல்ல மெல்லக் கரையும். நாதஸ்வரம் ஊதும் வரை நின்று, மூச்சை நிறுத்தியதும் நின்றுவிடும். ஒலி எவ்வளவு வேகமாக எழும்புகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படி அடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் பகுதியை என்வலப் என்கிறார்கள். மணியின் ஒலியை எடுத்து அதன் எழுச்சியை மட்டும் மெதுவாக்கினால் கேட்பவருக்கு அது மணி என்றே தெரியாது.

ஒசிலேற்றர், வடிகட்டி, என்வலப். இந்த மூன்றும் விளங்கினால் அந்தக் காலத்துச் சின்தசைசர்களில் பெரும்பாலானவை விளங்கிவிடும். மற்றதெல்லாம் இவற்றை எத்தனை வைத்தார்கள், எப்படி இணைத்தார்கள் என்பதுதான்.

வெயிலும் சுருதியும்

இந்தச் சுற்றுக்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. டிரான்சிஸ்டர் சூடானால் அதன் குணம் மாறும், சுருதி நகரும். மூக்கின் நிறுவனம் 1970ல் வெளியிட்ட, தூக்கிச் செல்லக்கூடிய மினிமூக் போன்றவற்றைக்கூட மேடையில் வைத்துக் கொஞ்ச நேரம் சூடாக விட்டுத்தான் சுருதி சேர்ப்பார்கள். சித்திரை வெயிலில் முற்றவெளி மேடையில் அதை வைத்திருந்தால் என்ன பாடு பட்டிருப்போம் என்று அடிக்கடி நினைப்பேன். இன்னொரு கரைச்சல், நல்ல ஒலி ஒன்றைக் கண்டுபிடித்தால் எல்லாக் குமிழ்களும் நின்ற இடத்தைக் கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். 1978ல் அமெரிக்காவில் வந்த புரொபெட்-5 தன் உள்ளே ஒரு சிறு கணினியை வைத்து அந்த நினைவுவேலையைத் தானே செய்தது. ஒரே நேரத்தில் ஐந்து சுரங்களும் வாசிக்கலாம். மினிமூக்கில் ஒன்றுதான்.

பிறகு 1983ல் ஜப்பானின் யமஹா டிஎக்ஸ்7 வந்தது. அதில் ஆடும் மின்சாரம் கிடையாது, எல்லாம் எண்கணக்கு. ஒரு அலையால் இன்னொரு அலையை மிக வேகமாகக் குலுக்கினால் மணி போலவும் கண்ணாடி போலவும் புதிய நிறங்கள் வரும் என்று ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் கண்டுபிடித்திருந்த வழி அது. வெயிலுக்குச் சுருதி மாறாது. ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. எல்லோரும் அதை வாங்கிக்கொண்டு, வீட்டில் இருந்த குமிழ் வைத்த பழசுகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளினார்கள். இன்று கார் விலை சொல்லும் பல பெட்டிகள் அன்று அப்படிக் கைமாறியவை.

அரிதானது ஏன் அரிதாயிற்று

அண்ணையின் இரண்டாவது கேள்வி இது. "அரிய சாமான் எண்டால் திறமான சாமான்தானே?" இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஒரு சின்தசைசர் அரிதாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், அது விற்கவில்லை. அல்லது தூக்க முடியவில்லை. அல்லது யுத்தம் வந்துவிட்டது.

யுத்தம் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நோவாகோட் என்று ஒன்று. அமெரிக்காவின் ஹமண்ட் நிறுவனம் 1939ல் விற்கத் தொடங்கியது. டிரான்சிஸ்டரே பிறக்காத காலம், எல்லாம் வால்வு. நம் தாத்தாமார் வீட்டு வால்வு ரேடியோவில் ஐந்தாறு வால்வு சிவந்து எரியும். இதில் 163. எடை 200 கிலோவுக்கு மேல். 72 கட்டைகள், எழுபத்திரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினாலும் எல்லாம் ஒலிக்கும். அதற்கு அவர்கள் பிடித்த வழி கெட்டிக்காரத்தனமானது. மேல் ஸ்தாயியின் பன்னிரண்டு சுரங்களுக்கு மட்டும் பன்னிரண்டு ஒசிலேற்றர். கீழே உள்ளவை எல்லாம் அவற்றைப் பாதி, பாதியில் பாதி என்று வகுத்து எடுத்தவை. என்வலப் இருந்தது, வடிகட்டி இருந்தது. ரொபேட் மூக்கின் கருவிக்கு 25 வருடம் முந்தியே சின்தசைசர் வந்துவிட்டது என்று இதை வைத்துத்தான் வாதாடுகிறார்கள், எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆயிரத்துச் சொச்சம் செய்தார்கள். 1942ல் யுத்தத்தில் உதிரிப்பாகம் கிடைக்காமல் நிறுத்தினார்கள். திரும்பத் தொடங்கவில்லை.

எனக்கு மிகப் பிடித்தது ரஷ்யாவில் உள்ள ஏஎன்எஸ். யெவ்கெனி முர்சின் என்ற பொறியியலாளர் 30களின் கடைசியில் யோசிக்கத் தொடங்கி, 50களின் கடைசியில்தான் கட்டி முடித்தார். இசையமைப்பாளர் அலெக்ஸாண்டர் நிக்கொலயேவிச் ஸ்க்ரியாபினின் பெயரின் முதலெழுத்துகளே கருவியின் பெயர். அதை வாசிப்பதில்லை, கீறுவார்கள். கரிய பசை பூசிய ஒரு கண்ணாடித் தட்டு, அதில் ஊசியால் கோடு கீறினால் அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் புகும். பின்னால் ஒலி அலைகளின் படம் பதித்த கண்ணாடி வட்டுகள் சுழல்கின்றன. புகுந்த வெளிச்சம் அந்த அலைக்கேற்ப மின்னி, ஒளியை மின்சாரமாக்கும் கலத்தில் விழுந்து ஒலியாகிறது. மேலே கீறினால் உச்சச் சுருதி, கீழே கீறினால் மந்தரம். மொத்தம் 720 சுருதிகள், ஸ்தாயிக்கு 72 வீதம். கர்நாடக சங்கீதத்தின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் எண்ணைக் கண்டதும் நம் ஆட்களுக்கு ஒரு புல்லரிப்பு வரத்தான் செய்யும். உலகத்தில் ஒன்றுதான் மிச்சம். மொஸ்கோவில், அருங்காட்சியகத்தில்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 70களின் நடுவில் யமஹா செய்த ஜீஎக்ஸ்-1 கிட்டத்தட்ட 300 கிலோ. அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் போன்ற சிலரால்தான் வாங்க முடிந்தது. 1977ல் வந்த கோர்க் பீஎஸ்-3300 ஏறக்குறைய ஐம்பதுதான் செய்யப்பட்டது. சோவியத் நாட்டின் பொலிவொக்ஸ் அங்கே கடைகளில் விற்ற சாமான், மேற்கே போனபோதுதான் அரிதானது. அதன் வடிகட்டி கத்துகிற கத்து வேறெதிலும் வராது.

அரிது என்பது எண்ணிக்கை. பழசு என்பது வயது. நல்லது என்பது காது சொல்ல வேண்டியது. மூன்றையும் ஒரே விலைச் சீட்டில் எழுதுவது சந்தைக்காரரின் வேலை.

தோற்றுப்போன பெட்டியும் கமகமும்

தோல்வி எப்படி விலையாகிறது என்பதற்கு இன்னொரு கதை, நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் நடந்தது. 1981ல் ரோலண்ட் நிறுவனம் டிபி-303 என்று கையடக்கமான வெள்ளிநிறப் பெட்டி ஒன்றை வெளியிட்டது. தனியாக கிற்றார் வாசிப்பவருக்குப் பின்னால் பேஸ் கிற்றாருக்குப் பதிலாக வாசிக்கத்தான் அது. ஆனால் பேஸ் கிற்றார் மாதிரி அது துளியும் ஒலிக்கவில்லை. சுமார் பத்தாயிரம் செய்து 1984ல் கைவிட்டார்கள். 80களின் நடுவில் சிக்காகோ இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த அதை வாங்கி, வடிகட்டிக் குமிழைக் கண்டபடி திருகி, அந்த நெளியும் ஒலியிலேயே ஒரு நடன இசையை உண்டாக்கினார்கள். அதன் பிறகு விலை ஏறியது ஏறியதுதான்.

அவர்களுக்கு முன்பே, 1982ல், மும்பையில் சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர் அதே 303ஐயும் வேறு இரண்டு ரோலண்ட் கருவிகளையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அப்போது யாரும் கவனிக்கவில்லை. ராகத்துக்கு அந்தப் பெட்டி ஏன் ஒத்துப்போனது? அதில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதி இருந்தது.

கட்டை வைத்த எதன்மீதும் நம் சங்கீதக்காரருக்கு இருந்த கோபமே இதுதான். ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே, சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடும் கமகத்துக்கு இடமில்லை. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தையே தடைசெய்து வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சின்தசைசரில் சுருதி ஒரு வோல்ட்தானே, அதை நழுவ விடுவது சுலபம். மினிமூக்கின் இடப்பக்கத்தில் சுருதியை வளைக்க ஒரு சில்லு. யமஹா சிஎஸ்-80இல் விரலால் தடவ ஒரு நாடா. சிஎஸ்-80 கிட்டத்தட்ட 100 கிலோ, கமகம் பிடிக்க நான்கு பேர் தூக்க வேண்டும் என்பது வேறு கதை. 1969லேயே அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் கருவியை நிறுவியிருந்தார்கள். சில வருடம் அங்கே பதிவுகள் நடந்தன, பிறகு அந்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்தன. அது ஒரு தமிழ்நாட்டுக் கல்லூரியிலோ நம் பல்கலைக்கழகத்திலோ வந்து இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது என் வீண் கற்பனை.

அலுமாரிக்கு மேலேயும் சாமியறையிலும்

சரி, கொக்குவில் கீபோட்டுக்கு வருவோம். அந்த ஒற்றைச் சிப்பில்தான் எல்லாம். ஒசிலேற்றரைத் தொட வழியில்லை, வடிகட்டி இல்லை, முன்னால் இருப்பவை ஒலியைத் தெரிவு செய்யும் பொத்தான்கள் மட்டும். ஐந்நூறு ரூபாய் போகும், இல்லாவிட்டால் பேத்தி ஒருத்தி விளையாடலாம் என்று சொன்னேன். அண்ணையின் முகம் விழுந்தது.

அப்போது உள்ளேயிருந்து சுருதி கேட்டது. அவருடைய தாயார் மாலைத் தேவாரத்துக்குச் சாமியறையில் பெட்டியைப் போட்டுவிட்டார். காற்றடிக்கிற சுருதிப்பெட்டி அல்ல, மின்சாரச் சுருதிப்பெட்டி. பழைய மாதிரி, ரேடியோ போல, முகத்தில் ஒரு குமிழ். கேட்டு வாங்கி வந்து, அண்ணையிடம் குமிழை மெல்லத் திருப்பச் சொன்னேன். சுருதி கட்டை கட்டையாகத் தாவாமல் வழுக்கிக்கொண்டே ஏறியது. உள்ளே இருப்பது ஒசிலேற்றர்கள்தான், குமிழ் அவற்றின் வேகத்தைத்தான் மாற்றுகிறது என்றேன். இந்த வீட்டில் சின்தசைசருக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தால் அது அந்தத் தாயார்தான்.

அண்ணை குமிழை இரண்டு தரம் மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். கண்ணில் பழைய வெளிச்சம் திரும்பியிருந்தது.

"அப்ப இது போகுமோ?"

"சுருதியை மாத்திப் போட்டியோடா?" என்று சாமியறையிலிருந்து குரல் வந்தது. "கொண்டு வந்து வை, நாலரைக் கட்டையிலை."